லூபஸ் வந்திருக்கிறது, நர்சிங் சேரலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: நர்சிங் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது, இன்னும் ஆறு வாரத்தில் வகுப்பு. இந்த நேரம் பார்த்து லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய், என்று சொல்லியிருக்கிறார்கள். பயாப்சியில் (சிறு சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) சிறுநீரகத்தையும் தொட்டிருப்பது தெரிந்திருக்கிறது. ஸ்டீராய்டு, மைக்கோபினோலேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மூன்று மருந்தும் ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. சேருவதா, விடுவதா, கல்லூரியில் சொன்னால் இடம் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் 'நானே நோயாளி, நான் போய் யாரைக் கவனிப்பேன்' என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

நான் வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள். நாள்பட்ட நோயை வைத்துக்கொண்டு படித்தவர்களைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நர்சிங் படிக்கலாம், தாராளமாகப் படிக்கலாம். ஆனால் இந்த ஆறு வாரத்தில் சேர வேண்டாம், முடிந்தால் ஒரு பருவம் தள்ளிச் சேருங்கள் என்பது என் கருத்து. கல்லூரியில் மறைக்கவே மறைக்காதீர்கள்.

ஏன் தள்ளச் சொல்கிறேன் என்றால், சிறுநீரகத்தைத் தொட்ட லூபஸுக்கு முதல் ஆறு மாதம்தான் கடுமையான சிகிச்சைக் காலம். ஸ்டீராய்டை அதிக அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பார்கள். மைக்கோபினோலேட் முழு அளவில் ஓடும். நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் தாழ்ந்து கிடப்பது இந்தக் காலத்தில்தான். தூக்கம் வராது, பசி அடங்காது, முகம் உப்பும், காரணமே இல்லாமல் அழுகை வரும். இதெல்லாம் மருந்தின் வேலை, உங்கள் மனது பலவீனமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இதற்கு நடுவில் காலை ஏழு மணிக்குச் சீருடை போட்டுக்கொண்டு நின்று, மாலையில் அனாட்டமி படித்து, இரவு ஹாஸ்டலில் நான்கு பேர் அறையில் தூங்குவது என்பது நன்றாக இருக்கும் பிள்ளைகளையே உலுக்கிவிடுகிற விஷயம்.

சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சிறுநீரில் போகும் புரதம் 3 மாதத்தில் குறைந்தது கால்பங்காவது இறங்க வேண்டும், 6 மாதத்தில் பாதியாக வேண்டும், ஒரு வருடத்துக்குள் ஒரு நாளைக்கு அரை கிராம், அதிகம் போனால் 0.7 கிராமுக்குக் கீழே வர வேண்டும். சிலருக்கு இதைவிடக் கொஞ்சம் தாமதமாகும், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் எப்போது சேரலாம் என்பதற்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆறாவது மாதப் பரிசோதனையில் புரதம் பாதிக்குக் கீழே இறங்கி, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறாமல், பி.பி. கட்டுக்குள் இருந்து, ஸ்டீராய்டும் குறைந்த அளவுக்கு வந்திருந்தால், 'இப்போது சேரலாமா டாக்டர்' என்று கேட்க அதுதான் சரியான நேரம். அதற்குப் பிறகும் மருந்து குறைந்தது மூன்று வருடமாவது தொடரும். நர்சிங் படிப்பும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான். மருந்து நின்ற பிறகு படிக்கலாம் என்று காத்திருந்தால் வயதுதான் போகும். நோய் அடங்கினால் போதும், மருந்தோடு படிக்கலாம்.

சேர்க்கையைத் தள்ளிவைக்கும் வழி பல கல்லூரிகளில் உண்டு. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள், மருத்துவரின் கடிதத்தை இணைத்துக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடியவே முடியாது, இப்போது சேராவிட்டால் இடம் போய்விடும் என்று சொன்னால், உடனே விட்டுவிட வேண்டியதில்லை. முதல் சில மாதங்கள் பெரும்பாலும் வகுப்பும் லேபும்தான், வார்டுக்கு அனுப்புவது பிறகுதான். வார்டுக்கு எப்போது அனுப்புவார்கள், குறைந்தபட்ச வருகைப்பதிவு எவ்வளவு, மருத்துவ விடுப்பில் விட்டுப்போன கிளினிக்கல் மணிநேரத்தைப் பிறகு ஈடுகட்ட முடியுமா என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். அவர் சரி என்றால் சேருங்கள்.

இனி மறைப்பது பற்றி. ஒரு சம்பவம் சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

லேபில் ஒரு காலை. ஊசி மருந்து எடுக்கும் பயிற்சி. ஒரு மாணவி ஆம்ப்யூலின் (ஊசி மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) கழுத்தில் காஸ் துணியைச் சுற்றி உடைக்கப் பார்க்கிறாள். உடையவில்லை. இரண்டாவது தடவை விரல் வழுக்குகிறது. மூன்றாவது தடவை ஆம்ப்யூல் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து சிதறியது. "ஏம்மா, இதைக்கூடப் பிடிக்கத் தெரியாதா? நாளைக்கு நோயாளியிடம் எப்படிப் போய் நிற்பாய்?" என்று முப்பது பேர் முன்னால் கேட்டேன். "ஸாரி மேடம்" என்று குனிந்து கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினாள். அவள் விரல் மூட்டுகள் வீங்கியிருந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளை மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி இறுகும் நோய், என்று தெரிந்தது. சேருவதற்கு முன்பே தெரிந்த நோய். 'சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள்' என்று வீட்டில் யாரோ சொன்னதை நம்பி மறைத்திருக்கிறாள். முடக்குவாதத்தில் காலையில் எழுந்து ஒரு மணிநேரத்துக்கு மேல் கை இறுகிக் கிடக்கும், பத்து மணிக்குத் தளர்ந்துவிடும். தெரிந்திருந்தால் அவளைப் பிற்பகல் பேட்சில் போட்டிருப்பேன். வேறு எதுவுமே செய்ய வேண்டியிருந்திருக்காது. அடுத்த வருடம் திரும்பி வந்து படித்து முடித்தாள், இன்று நல்ல நர்ஸ். ஆனால் அந்த ஒரு வருடத்தை அவள் இழந்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கு நான் கேட்ட கேள்வி இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

லூபஸிலும் காலை மூட்டு இறுக்கம் சகஜம். அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

மறைப்பதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. சேரும்போது மருத்துவத் தகுதிப் படிவம் தருவார்கள். அதில் பொய் எழுதி, பின்னால் தெரியவந்தால், நோய்க்காக இல்லாவிட்டாலும் பொய்க்காக நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். உண்மையை எழுதினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும். கல்லூரி முதல்வர் அல்லது மாணவர் நலப் பொறுப்பாளர், உங்கள் கிளினிக்கல் பொறுப்பாசிரியர், அப்புறம் அறைத்தோழியோ வகுப்புத்தோழியோ நம்பிக்கையான ஒருத்தி. வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு இது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. முதல்வரிடம் போகும்போது நோயின் கதையை அழுதுகொண்டு சொல்லாதீர்கள். என்ன செய்ய முடியும், எது கொஞ்ச நாளைக்கு முடியாது, என்ன ஏற்பாடு வேண்டும் என்று சொல்லுங்கள். மருத்துவரின் கடிதமும் அப்படியே இருக்கட்டும். 'லூபஸ் நோயாளி, ஓய்வு தேவை' என்ற ஒற்றை வரிக் கடிதத்தைப் பார்த்தால் எந்த நிர்வாகமும் பயந்துவிடும். 'சிகிச்சையில் இருக்கிறார், வகுப்புக்கும் வார்டுக்கும் தகுதியானவர். சின்னம்மை, அக்கி, சளியில் கிருமி உள்ள காசநோயாளிகளைக் கவனிக்கும் பணி இப்போதைக்கு வேண்டாம். கடும் வெயிலில் நீண்ட நேரப் பணி வேண்டாம். மாதம் ஒரு நாள் பரிசோதனைக்கு விடுப்பு வேண்டும்' என்று தெளிவாக இருந்தால், படிப்பவருக்கு எதைச் செய்து கொடுக்க வேண்டும் என்பது புரியும்.

அடுத்தது தடுப்பூசி. உங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் முதல் சிக்கலாக வருகிறது, ஆனால் இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நர்சிங் சேரும்போது தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர்., சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி போட்டிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். முதல் இரண்டும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிப்பவை. அதிக அளவு ஸ்டீராய்டும் மைக்கோபினோலேட்டும் எடுத்துக்கொள்ளும்போது அவற்றைப் போடக் கூடாது. கல்லூரியில் வரிசையில் நிற்கவைத்து எல்லாருக்கும் போடும் நாளில் நீங்களும் கையை நீட்டிவிடாதீர்கள். பயப்படவும் வேண்டாம். சிறு வயதில் இரண்டு தவணை போட்டிருந்தால் அதுவே போதும். சின்னம்மை ஏற்கெனவே வந்து போயிருந்தாலும் எதிர்ப்புச் சக்தி இருக்கும். ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) பார்த்து அந்தச் சீட்டைக் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்தால், அந்த நோயாளி பக்கம் போக நேர்ந்த அன்றே உங்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள ஆன்டிபாடி ஊசி) கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

ஹெபடைட்டிஸ் பி உயிருள்ள தடுப்பூசி இல்லை, உங்களுக்குப் போடலாம், போட்டே ஆக வேண்டும். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. மூன்றாவது முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பாருங்கள், 10 யூனிட்டுக்கு மேல் இருக்க வேண்டும். மற்ற மாணவிகளுக்கு இது சடங்கு மாதிரி, உங்களுக்கு இது அவசியம். எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தும் மருந்தில் இருப்பவர்களுக்கு ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு சுற்றுப் போடுவார்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒருவருக்கு, ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் 100-க்கு 6 முதல் 30 வரை தொற்றும் வாய்ப்பு. எச்.ஐ.வி.க்கு அது ஏறக்குறைய 300-ல் 1தான். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படுகிறோமா என்று இந்த இரண்டு எண்ணையும் வகுப்பில் எழுதிப் போட்டுக் கேட்பேன். இப்போது சேர்க்கையைத் தள்ளிவைத்தால் அந்த ஆறு மாதத்தில் மூன்று ஊசியும் முடிந்துவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். காசநோய்க்கான தோல் பரிசோதனை ஸ்டீராய்டு எடுக்கும்போது இல்லை என்று தவறாகக் காட்டலாம். அதைப் பார்க்கும் சிஸ்டரிடம் என்ன மருந்தில் இருக்கிறீர்கள் என்று கட்டாயம் சொல்லுங்கள்.

வார்டுக்குப் போக ஆரம்பித்த பிறகு நடக்கும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் தடுக்கி விழுவார்கள். போஸ்டிங் முடிந்து வந்தால் கால் வலி உயிர் போகும். பக்கத்துக் கட்டில் பிள்ளை ஒரு டைக்ளோபினாக்கை நீட்டுவாள், எல்லாரும் போடுவார்கள், உங்களுக்கும் சும்மா ஒன்று என்று தோன்றும். போடவே போடாதீர்கள். டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். பாரசிட்டமால் போதும். அதற்கும் அடங்காத வலி என்றால் உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்டீராய்டை ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு உடம்பு சொந்தமாக கார்ட்டிசால் (உடம்பே தயாரிக்கும் ஸ்டீராய்டு) சுரப்பதைக் குறைத்துவிட்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் பி.பி. சரிந்து மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை என்றால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று படுத்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டீராய்டில் இருக்கிறேன் என்று ஒரு சீட்டு எழுதி அடையாள அட்டைக்குப் பின்னால் சொருகி வையுங்கள். காலையில் சாப்பிடும் மாத்திரையை இரவு டியூட்டி வாரத்தில் எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று முதலிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வருடம் இரவுப் பணி வராமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. தூக்கம் கெட்டால் லூபஸ் கிளம்புவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கியும் வைக்கும். அதனால் காய்ச்சலே இல்லாமல் உடம்பு ஒரு மாதிரி இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். சமூக சுகாதாரப் போஸ்டிங்கில் வீடு வீடாக வெயிலில் நடக்கவிடுவார்கள். வெயில் பட்டால் தோலோடு நிற்காது, உள்ளே அடங்கியிருக்கும் நோயையே கிளப்பிவிடும். முழுக்கைச் சட்டை, குடை, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீனைத் திரும்பப் பூசுங்கள். பேருந்தில் ஜன்னல் ஓரம் வேண்டாம், கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை மட்டும்தான் தடுக்கிறது. குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் தொந்தரவு இருந்தால் ஆபரேஷன் தியேட்டர் போஸ்டிங்கில் சிரமப்படுவீர்கள், பொறுப்பு சிஸ்டரிடம் முன்கூட்டிச் சொன்னால் புரிந்துகொள்வார். ஹைட்ராக்சிகுளோரோகுயின் நாளடைவில் கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் முதல் வருடத்துக்குள் ஒரு தடவை கண் பரிசோதனை உண்டு. சிறுநீரகத் தொந்தரவு இருப்பதால் அடுத்தது எப்போது என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். மைக்கோபினோலேட் கருவைப் பாதிக்கும் மருந்து என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இவற்றையெல்லாம்விட எனக்கு அதிகக் கவலை வேறொன்றில். இரண்டாம் வருடம் சிறுநீரகப் பாடம் வரும். புத்தகத்தில் உங்கள் நோயின் பெயர் ஒரு தலைப்பாக இருக்கும். அதற்குக் கீழே சிக்கல்கள் என்று வரிசையாகப் போட்டிருக்கும், கடைசி வரியில் டயாலிசிஸ் இருக்கும். வகுப்பில் மற்றவர்கள் அதைத் தேர்வுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள், உங்களுக்குத் தொண்டை அடைக்கும். பாடப்புத்தகம் நடக்கக்கூடியதை எல்லாம் ஒரே பக்கத்தில் போடும். அது ஒரே ஆளுக்கு வருகிற பட்டியல் கிடையாது. சிகிச்சை ஒழுங்காகப் போனால் அந்தக் கடைசி வரி வரைக்கும் பலர் போவதே இல்லை. அந்தப் பாடம் வருவதற்கு முன்னாலேயே உங்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து, 'என் பயாப்சியில் எந்த வகை வந்தது, என் நிலைமை என்ன' என்று கேட்டுவிடுங்கள். உங்கள் எண்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் புத்தகத்தின் எண்கள் மிரட்டாது. வார்டில் உங்கள் வயதில், உங்கள் நோயோடு ஒரு பெண் அட்மிட் ஆகும் நாளும் வரும். அன்றைக்குக் கவனிக்க முடியவில்லை என்றால் ஆசிரியரிடம் சொல்லி வேறு நோயாளியை வாங்கிக்கொள்ளுங்கள். நான் தயங்காமல் மாற்றிக் கொடுத்திருக்கிறேன், எந்த நல்ல ஆசிரியரும் கொடுப்பார்.

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1855-ல் கிரிமியப் போரில் வீரர்களைக் கவனித்துக்கொண்டிருந்தபோது கடுமையான காய்ச்சலில் விழுந்தார். அது புரூசெல்லோசிஸ் என்ற நாள்பட்ட தொற்றாக இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்த மருத்துவர்கள் கருதுகிறார்கள். போர் முடிந்து திரும்பிய பிறகு பல வருடம் பெரும்பாலும் கட்டிலோடும் அறையோடும்தான் இருந்தார். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-ல் நர்சிங் பள்ளி தொடங்கியது அந்த நிலையில்தான். உலகெங்கும் நாம் படிக்கும் நர்சிங் படிப்புக்கு அடித்தளம் போட்டவர், உடம்பு முடியாத ஒரு பெண். லூபஸ் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் பதினைந்து வயதுக்கு மேல், நாற்பத்தைந்துக்குள். நர்சிங் படிக்கும் வயதும் அதுதான். உங்களுக்கு முன்னாலும் பலர் இதோடு இந்த வகுப்பறையில் உட்கார்ந்திருப்பார்கள், வெளியே சொல்லாததால் நமக்குத் தெரியவில்லை.

கேனுலா (மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட ரத்தநாளம் கிடைக்காமல் மூன்றாவது தடவை குத்தும்போது நோயாளி எதற்குக் கண்ணை மூடிக்கொள்கிறார் என்பது உங்களுக்கு இப்போதே தெரியும். மற்ற மாணவிகளுக்கு அதை நான் வாயால் விளக்க வேண்டியிருக்கிறது. படித்து முடித்த பிறகு படுக்கையிலிருந்து நோயாளியைத் தூக்கி இறக்கும் வேலைதான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. டயாலிசிஸ் பிரிவு, புறநோயாளிப் பிரிவு, தொற்றுக் கட்டுப்பாடு, கற்பித்தல் என்று உடம்புக்கு ஏற்ற இடங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்லி விடுகிறேன். சிறு வயதுத் தடுப்பூசி அட்டையை வீட்டில் தேடி எடுங்கள், கிடைக்காவிட்டால் ஆன்டிபாடி பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கல்லூரியின் மருத்துவத் தகுதிப் படிவத்தையும், கிளினிக்கல் போஸ்டிங் எந்த மாதம் தொடங்குகிறது என்ற விவரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றோடு அடுத்த பரிசோதனைக்குப் போய், 'நான் நர்சிங் சேரப் போகிறேன், எப்போது சேரலாம்' என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். உங்களுக்கு நர்சிங் இடம் கிடைத்திருப்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தால் தடுப்பூசி, மருந்து நேரம், கடிதம் மூன்றையும் அதற்கேற்றபடி திட்டமிடுவார். பதில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள், முதல்வருக்குக் கொடுக்கும் கடிதத்தைச் சேர்ந்து எழுதலாம்.